ஆயுதம் மறுக்கப்பட்ட படைவீரர்: ஐசக் வாக்கோப் டியோபாவின் வாழ்வும் நினைவும்

1917 பிப்ரவரி 21. விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால், வைட் தீவை ஒட்டிய கடலில் அடர்ந்த மூடுபனி. தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்சின் போர்முனைக்குக் கறுப்பினத் தொழிலாளர் படையினரை ஏற்றிச் சென்ற மெண்டி என்னும் கப்பல் மெல்ல ஊர்ந்து கொண்டிருந்தது. காலை 5 மணி அளவில், அதைப்போல் இருமடங்குக்கும் மேல் பெரிதான டாரோ என்னும் கப்பல், பனிக்கால ஒலி எச்சரிக்கை எதுவுமின்றி முழு வேகத்தில் வந்து மெண்டியின் பக்கவாட்டில் மோதியது. ஏறத்தாழ 25 நிமிடங்களில் மெண்டி மூழ்கியது. 607 கறுப்பினப் படையினர் உயிரிழந்தனர். அவர்களுடன் வெள்ளை அதிகாரிகள் 9 பேரும் கப்பல் பணியாளர் 30 பேரும் மாண்டனர்.

அந்த 607 பேரில் ஒருவர் ஐசக் வாக்கோப். ஹோசா மக்கள் அவரை டியோபா என்னும் குடும்பப் பெயரோடு சேர்த்து நினைவுகூர்கின்றனர். அப்போது அவருக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. மதகுரு, கவிஞர், இதழ்களில் எழுதியவர், அரசியல் அமைப்பொன்றைத் தொடங்கியவர், சிறை சென்று மீண்டவர். மூழ்கும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பதறிய இளைஞர்களைத் திடப்படுத்தியவர் அவரே என்று தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்கள் நூறாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். அவர் தாங்கிய சீருடையில் துப்பாக்கிக்கு இடம் இருக்கவில்லை. அவர் இறந்த பின் அவர் பெயருக்குப் பதக்கமும் வரவில்லை. ஆனாலும் அவர் பெயர் அழியவில்லை. ஓர் அரசு மறக்க விரும்பிய மனிதரை ஒரு மக்கள் கூட்டம் எவ்வாறு மறவாமல் காத்தது என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி.

பேனாவை நம்பிய தலைமுறை

ஐசக் வாக்கோப் 1852இல், இன்றைய கிழக்குக் கேப் மாகாணத்தின் யூட்டன்ஹேக் அருகே பிறந்தார். அவர் பிறந்த மண், நூறாண்டுக் காலம் விட்டுவிட்டு நடந்த எல்லைப் போர்களால் சிதைந்திருந்தது. ஒவ்வொரு போரின் முடிவிலும் ஹோசா மக்களின் நிலம் சுருங்கியது. குடியேறிய வெள்ளையரின் பண்ணைகள் விரிந்தன. 1856-57ஆம் ஆண்டுகளில், முன்னோர் மீண்டெழுந்து வருவார்கள் என்னும் தீர்க்கதரிசனத்தை நம்பி மக்கள் தம் கால்நடைகளைத் தாமே கொன்றனர். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் பல்லாயிரவர் மாண்டனர். எஞ்சியோர் கூலி தேடிக் குடியேற்ற நாட்டின் பண்ணைகளுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். அந்தப் பேரழிவு நடந்தபோது வாக்கோப் சிறுவர்.

அந்தத் தலைமுறைக்குத் திறந்திருந்த ஒரே கதவு கிறித்தவ மிஷன் பள்ளி. லவ்டேல் என்னும் இடத்தில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் நடத்திய கல்வி நிலையத்தில் வாக்கோப் பயின்றார். மதகுருக்கள், ஆசிரியர்கள், இதழாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என ஆப்பிரிக்கரின் முதல் கற்றறிந்த தலைமுறையை உருவாக்கிய இடங்களுள் முதன்மையானது அது. 1876இல், இன்று மலாவி என அழைக்கப்படும் நாட்டின் நியாசா ஏரிக்கரையில் தொடங்கப்பட்டிருந்த லிவிங்ஸ்டோனியா மிஷனுக்கு லவ்டேலிலிருந்து நான்கு ஆப்பிரிக்கர்கள் தொண்டர்களாகப் புறப்பட்டனர். அவர்களுள் வாக்கோப் ஒருவர். கடும் காய்ச்சல் அவரை விரைவிலேயே திருப்பி அனுப்பியது. எனினும், தன் மக்களைக் கடந்தும் தனக்குக் கடமை உண்டு என்னும் எண்ணம் அவருக்குள் அப்போதே வேர்விட்டிருந்தது. நாற்பதாண்டுகள் கழித்து அவரை மெண்டியில் ஏற்றியதில் அந்த எண்ணத்திற்கும் பங்குண்டு.

ஊர் திரும்பிய அவர் போர்ட் எலிசபெத் நகரின் நீதித்துறை நடுவர் அலுவலகத்தில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். ஒரு வழக்கறிஞராக இந்தப் பணியின் பொருளை நான் சற்றே உணர முடிகிறது. ஆங்கிலச் சட்டத்திற்கும் ஹோசா மொழி பேசும் ஏழைக்கும் நடுவே நின்று, ஒருவர் பேச்சை மற்றவருக்குக் கொண்டு சேர்ப்பவர் அவர். தன் மக்கள் கூண்டில் நின்று விழிப்பதை நாள்தோறும் கண்டவர். சட்டத்தின் மொழி தெரியாதவருக்குச் சட்டம் ஒரு பொறி என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

1878இல் கேப் அரசு இயற்றிய சட்டம் ஒன்று ஆப்பிரிக்கரிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க வழி செய்தது. கடைசி எல்லைப் போரும் அடுத்த ஆண்டுக்குள் முடிந்தது. துப்பாக்கியால் நிலத்தை மீட்கும் காலம் முடிந்துவிட்டது என்பதை அந்தத் தலைமுறை உணர்ந்தது. 1882இல், ஹோசா மொழி இதழான இசிகிடிமியில் வாக்கோப் சிட்டாஷே என்னும் பெயரில் ஒரு கவிதை வெளியிட்டார். பறிபோன மாடுகளையும் உரிமைகளையும் மீட்கத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கையில் எடுக்குமாறு தம் மக்களை அழைத்த கவிதை அது. தென்னாப்பிரிக்க இலக்கிய வரலாற்றில் இன்றும் பேசப்படும் படைப்பு. அவ்வழைப்பில் சரணடைவு இல்லை. போர்க்களம் மாறியிருக்கிறது, போர் முடியவில்லை என்பதே அதன் உட்பொருள்.

அதே ஆண்டில் போர்ட் எலிசபெத்தில் இம்பும்பா யாமன்யாமா என்னும் அமைப்பு உருவானது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரின் தொடக்ககால அரசியல் அமைப்புகளுள் ஒன்று அது. அதை நிறுவியோருள் வாக்கோப் ஒருவர். திருச்சபைப் பிரிவுகளாலும் இனக்குழுக்களாலும் பிளவுண்டு கிடந்த ஆப்பிரிக்கரை ஓர் அரசியல் குரலாகத் திரட்டுவது அதன் நோக்கம். பிரிந்து நின்றால் உரிமை இல்லை என்னும் இந்தப் பாடம் அவரோடு கடைசிவரை பயணம் செய்தது.

மேய்ப்பரும் கைதியும்

அரசியலில் ஈடுபட்டிருந்தபோதே அவர் இறையியல் கற்றார். 1892இல் காங்கிரிகேஷனல் திருச்சபையின் குருவாக அருள்பொழிவு பெற்று, ஃபோர்ட் போஃபோர்ட் பகுதியில் பணியேற்றார். அதே 1892இல்தான் கேப் நாடாளுமன்றம் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுண்டிலிருந்து 75 பவுண்டாக உயர்த்தியது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் யாருடைய வாக்கை நீக்குவதற்காக அந்தத் தொகை கூட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிறத்தைக் குறிப்பிடாமலே நிறவெறியை நிறைவேற்றும் சட்டக்கலையை, சாதியைக் குறிப்பிடாமலே சாதியை நிறைவேற்றும் விதிகளைப் படித்துப் பழகிய நாம் எளிதில் அடையாளம் காண்போம்.

இந்நிலையில் குருவானவரின் பணி ஆலயத்தோடு முடியவில்லை. மது வணிகம் ஆப்பிரிக்கக் குடும்பங்களின் கூலியையும் மானத்தையும் உறிஞ்சுவதைக் கண்டு, மதுவிலக்கு இயக்கத்தில் முனைப்புடன் உழைத்தார். ஹோசா மக்களின் வரலாறு, வாய்மொழி மரபு, அன்றாடச் சிக்கல்கள் குறித்துத் தொடர்ந்து எழுதினார். மிஷனரிகளுக்கும் ஆப்பிரிக்கருக்கும் உள்ள உறவைப் பற்றி 1908இல் ஆங்கிலத்தில் நூல் ஒன்றை வெளியிட்டார். மிஷன் கல்வியைப் போற்றியவர் அவர். அதே வேளையில் தம் முன்னோரின் மொழியையும் நினைவையும் கைவிடாதவர். கிறித்தவராவது என்றால் ஹோசாவாக இல்லாமல் போவது என்று அவர் கருதவில்லை.

இவ்விடத்தில், நினைவேந்தல் உரைகள் பலவும் தாண்டிச் சென்றுவிடும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், உயில் தொடர்பான ஆவண மோசடிக் குற்றச்சாட்டில் வாக்கோப் தண்டிக்கப்பட்டார். கேப் டவுன் அருகிலுள்ள டோக்காய் சிறையில் அடைக்கப்பட்டு, 1912இல் விடுதலையானார். குருவாக ஊரார் மதித்த ஒருவர் அறுபதாம் வயதில் கைதியாக நின்று வெளியே வந்தார்.

இதை மறைத்து அவரைப் போற்றுவது எளிது. ஆனால் அது அவருக்கும் நமக்கும் செய்யும் நன்மையன்று. ஒடுக்கப்பட்டோரின் தலைவர்கள் மாசு மருவற்றவர்களாக இருந்தால் மட்டுமே மதிப்புக்குரியவர்கள் என்பது ஒடுக்குவோர் வகுத்த அளவுகோல். அவர்களுடைய வீரர்களுக்கு அந்த அளவுகோல் ஒருநாளும் வைக்கப்படுவதில்லை. வாக்கோப் வீழ்ந்தவர், வீழ்ந்த இடத்திலேயே கிடந்துவிடாதவர். மனந்திரும்புதல், மன்னிப்பு, புதிய தொடக்கம் என்று அவர் பல்லாண்டுகளாக மேடையில் போதித்தவற்றைத் தாமே வாழ்ந்து காட்ட வேண்டிய நிலை அவருக்கு வந்தது. நான்காண்டுகளுக்குப் பின் அவர் எடுத்த முடிவை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும்.

ஆயுதமற்ற படை

1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது. அதன் நாடாளுமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே அமர முடியும். 1913இல் அந்த நாடாளுமன்றம் இயற்றிய பூர்வகுடிகள் நிலச் சட்டம், மக்கள்தொகையில் பெரும்பான்மையரான ஆப்பிரிக்கருக்கு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது. அந்தப் பகுதிகளுக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் தடை விதித்தது. தலைமுறைகளாக உழுத மண்ணிலிருந்து குடும்பங்கள் கால்நடைகளோடு சாலைக்குத் துரத்தப்பட்டன.

1912இல் தோன்றியிருந்த தென்னாப்பிரிக்கப் பூர்வகுடி தேசியக் காங்கிரஸ், அதாவது இன்றைய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் முன்னோடி, இச்சட்டத்தை எதிர்த்து லண்டன் வரை முறையிட்டது. 1914இல் உலகப் போர் மூண்டதும் அது தன் கிளர்ச்சியை நிறுத்திவைத்துப் பேரரசுக்கு ஆதரவு தெரிவித்தது. நெருக்கடியில் நாம் காட்டும் விசுவாசத்தை அரசர் மறக்கமாட்டார், போர் முடிந்ததும் குடியுரிமை வரும் என்று அத்தலைவர்கள் நம்பினர். மிஷன் கல்வி பெற்ற தலைமுறையின் ஆழ்ந்த நம்பிக்கை அது.

1916இல் பிரிட்டன் தொழிலாளர் படை ஒன்றைக் கேட்டபோது, பிரதமர் லூயி போத்தாவின் அரசு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. கறுப்பினத்தவர் கையில் ஆயுதம் தரப்படாது. வெள்ளை அதிகாரிகளின் கீழேயே அவர்கள் இருப்பர். பிரான்சில் வேலியிட்ட முகாம்களுக்குள் மட்டும் தங்குவர். ஊருக்குள் செல்லவோ மக்களோடு பழகவோ முடியாது. கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளரை அடைத்து வைத்த முறையே போர்க்களத்துக்கும் கொண்டு செல்லப்பட்டது. துப்பாக்கி பிடித்து வெள்ளையரோடு போரிட்ட கறுப்பு மனிதர், ஐரோப்பாவில் கைகுலுக்கி ஒரே மேசையில் உணவு உண்ட கறுப்பு மனிதர், ஊர் திரும்பிய பின் பழையபடி தலைகுனியமாட்டார் என்னும் அச்சமே இதற்குக் காரணம்.

இந்த அச்சம் நமக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பல தலைமுறைகள் பணியாற்றிய மகர் மக்களுக்கு, 1890களில் படைச்சேர்ப்பின் கதவு மூடப்பட்டது. போர்க்குலம் என்னும் கோட்பாடு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஆள் தேவைப்பட்ட 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவு உருவாக்கப்பட்டு, 1921இல் கலைக்கப்பட்டது. மெண்டி மூழ்கிய அதே 1917இல்தான், சுபேதாரின் மகனான அம்பேத்கர் லண்டனில் தம் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. ஆபத்தில் அழைப்பதும் ஆபத்து நீங்கியதும் விரட்டுவதும் பேரரசின் இயல்பாக இருந்தது.

மாதம் 3 பவுண்ட் ஊதியத்திற்கு ஆள் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. நிலத்தைப் பறித்த அரசை மக்கள் நம்பவில்லை. தலைவர்களும் மதகுருக்களும் ஊர் ஊராகச் சென்று பேச வேண்டியிருந்தது. இறுதியில் ஏறத்தாழ 21,000 பேர் பிரான்சுக்குச் சென்றனர். வாக்கோப் பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருந்துவிடவில்லை. எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தாமே படையில் சேர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன கவிஞர், துப்பாக்கி தர மறுத்த படையில் பேனாவோடு சேர்ந்தது வரலாற்றின் விந்தை.

மூடுபனியில் 25 நிமிடங்கள்

1917 ஜனவரி 16 அன்று கேப் டவுனிலிருந்து மெண்டி புறப்பட்டது. ஐந்தாம் படைப்பிரிவைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அதில் இருந்தனர். போண்டோ நாட்டின் தலைவர் குடும்பத்தினரும் உழவரும் ஆசிரியரும் கூலிகளும் கலந்திருந்தனர். பெரும்பாலோர் அதற்கு முன் கடலைக் கண்டதில்லை. லாகோஸ், பிளைமவுத் துறைமுகங்கள் வழியாகப் பிரான்சின் லே ஹாவ்ர் நோக்கிப் பயணம் தொடர்ந்தது. கப்பலின் அடித்தளத்தில் இருந்த சரக்கறைகளே அவர்களுக்குப் படுக்கை அறைகள். ஐந்து வாரக் கடற்பயணம். அந்த வாரங்களில் வாக்கோப் அவர்களுக்கு எழுத்தராகவும் மூத்தவராகவும் போதகராகவும் இருந்தார்.

டாரோ மோதியபோது கப்பலின் அடித்தளம் கிழிந்து நீர் புகுந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் மேலே ஏறவே முடியவில்லை. கப்பல் ஒருபுறமாகச் சாய்ந்ததால் உயிர்காப்புப் படகுகள் சிலவற்றை மட்டுமே இறக்க முடிந்தது. பிப்ரவரி மாதத்து ஆங்கிலக் கால்வாய் நீரில் மனிதர் நெடுநேரம் உயிர் தாங்க முடியாது. காவலுக்கு வந்த பிரிஸ்க் என்னும் போர்க்கப்பலும் பிற படகுகளும் இருளிலும் பனியிலும் துழாவி இயன்றவர்களைக் காப்பாற்றின. மோதிய டாரோவோ, நீரில் தத்தளித்தோரின் கூக்குரல் கேட்கும் தொலைவில் நின்றிருந்தும், ஒரு படகைக்கூட இறக்கவில்லை.

மேல்தளத்தில் நின்றவர்களைப் பற்றி மக்கள் நினைவு சொல்வது இது. அச்சம் பரவத் தொடங்கியபோது, வயது முதிர்ந்த அந்தக் குரு கைகளை உயர்த்தி அவர்களை அமைதிப்படுத்தினார். சாவதற்கும் ஆயத்தமாகவே தாம் வந்திருப்பதை நினைவூட்டினார். ஹோசாவாகிய தமக்குச் சூலுவும் சுவாசியும் போண்டோவும் பசோத்தோவும் உடன்பிறந்தோர் என்றும், ஒரே ஆப்பிரிக்காவின் பிள்ளைகளாகச் சேர்ந்து இறப்போம் என்றும் கூறினார். ஈட்டிகளை ஊரிலேயே விட்டுவரச் செய்தாலும் குரலை யாராலும் பறிக்க முடியாது, அவரவர் குலத்தின் போர்முழக்கத்தை எழுப்புங்கள் என்றார். காலணிகளைக் கழற்றிய வீரர்கள், வெறுங்காலால் தளத்தை அதிர மிதித்து, மரண நடனம் ஆடியபடியே கடலுக்குள் மறைந்தனர்.

இந்தக் காட்சியில் ஒரு செய்தி நம்மை நின்று நோக்கச் செய்கிறது. மிஷனரிகள் ஆப்பிரிக்க நடனங்களையும் போர்முழக்கங்களையும் அஞ்ஞானம் என்று விலக்கியவர்கள். ஹோசா சமூகமே, மிஷன் பள்ளியைத் தழுவியவர்கள் என்றும் செம்மண் பூசிப் பழைய வழியில் வாழ்ந்தவர்கள் என்றும் இரண்டாகப் பிரிந்திருந்தது. வாக்கோப் முதற்பிரிவின் முகம். அப்படிப்பட்ட ஒருவரே முன்னோரின் நடனத்திற்கு அழைப்பு விடுத்தார் என்கிறது மக்கள் நினைவு. மோசே எரியும் புதரின் முன் காலணி கழற்றியதை அறிந்த கிறித்தவருக்கும், முன்னோரின் மண்ணை வெறுங்காலால் மிதித்தவருக்கும் அந்த வெறுங்கால் ஒரே பொருளைத் தந்தது. அவருடைய விசுவாசம் மற்றவர்களுக்கு ஊக்கமானது இவ்வாறுதான். யாரையும் மதம் மாற்ற அவருக்கு அங்கே நேரமில்லை. சாவின் முன் ஒருவரையொருவர் கைவிடாதிருக்கும் ஆற்றலையே அந்த விசுவாசம் வழங்கியது. 1882இல் அமைப்பாகக் கட்ட முயன்ற ஒற்றுமை, அந்தச் சாய்ந்த தளத்தில் சில நிமிடங்கள் நிறைவேறியதாக மக்கள் நம்புகின்றனர்.

நீதியின் கணக்கு

மோதல் குறித்து பிரிட்டனில் அதே ஆண்டு விசாரணை நடந்தது. மூடுபனியில் அதிவேகமாகச் சென்றது, ஒலி எச்சரிக்கை செய்யாதது, உயிருக்குப் போராடியவர்களுக்கு உதவாதது ஆகியவற்றில் டாரோவின் தலைவர் ஹென்றி ஸ்டம்ப் தவறிழைத்தவர் என முடிவானது. தண்டனை, அவருடைய உரிமம் ஓராண்டுக்கு நிறுத்திவைப்பு. 646 உயிர்களுக்கு ஓராண்டு. வகுத்துப் பார்த்தால் ஓர் உயிருக்கு 14 மணி நேரம்கூட வரவில்லை. அவர் ஏன் படகை இறக்கவில்லை என்பதற்கு நிறவெறியைக் காரணம் சொல்வோர் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய அச்சத்தைச் சொல்வோரும் உண்டு. காரணம் எதுவாயினும், அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

1917 மார்ச் 9 அன்று தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் போத்தா இச்செய்தியை அறிவித்தார். வெள்ளை உறுப்பினர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினர். எழுந்து நின்றவர்கள் பிறகு அமர்ந்துவிட்டனர். நிலச் சட்டம் அப்படியே இருந்தது. போர் முடிந்தபின், அண்டைப் பகுதிகளான பசோத்தோலாந்து, பெச்சுவானாலாந்து, சுவாசிலாந்து ஆகியவற்றைச் சேர்ந்த தொழிலாளர் படையினருக்குப் பிரிட்டன் போர்ப் பதக்கம் வழங்கியது. தென்னாப்பிரிக்க அரசு மட்டும் தன் கறுப்பினப் படையினருக்கு அது வேண்டாம் என மறுத்தது. பதக்கம் என்பது ஓர் உலோக வில்லை மட்டுமன்று; போரில் பங்கேற்றவர் என்பதற்கான சான்று. சான்று இருந்தால் உரிமை கேட்பார்கள். எனவே சான்றே இல்லாமல் செய்யப்பட்டது. 1936இல், கேப் பகுதியில் ஆப்பிரிக்கருக்கு எஞ்சியிருந்த பொது வாக்காளர் பட்டியல் உரிமையும் பறிக்கப்பட்டது. விசுவாசத்திற்குக் குடியுரிமை என்று அந்தத் தலைமுறை எழுதிய எழுதப்படாத ஒப்பந்தத்தை, மறுதரப்பு ஒருநாளும் கையொப்பமிட்டிருக்கவில்லை.

ஏட்டில் இல்லாதது பொய்யாகுமா?

விசாரணைப் பதிவுகளில் வாக்கோப்பின் உரையோ மரண நடனமோ இடம்பெறவில்லை. வாய்மொழியாகப் பரவிய அந்தச் செய்தி பிற்காலத்தில்தான் அச்சில் ஏறியது. ஆகவே அது கட்டுக்கதை என்று சொல்லும் வரலாற்றாளர்கள் உண்டு. நாம் நேர்மையாக இருக்க வேண்டுமானால், அந்த உரையின் ஒவ்வொரு சொல்லையும் நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள முடியாது. பின்வந்தோர் தம் காலத்தின் வேட்கையை அவர் வாயில் ஏற்றியிருக்கவும் கூடும்.

ஆனால் யாருடைய பதிவு, யாரால் எழுதப்பட்டது என்ற வினாவையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்த விசாரணையின் அக்கறை வேகம், ஒலி, தூரம் ஆகியவற்றில் இருந்தது. கறுப்பின வீரர்கள் சாகுமுன் தமக்குள் என்ன பேசினார்கள் என்று கேட்பது அதன் வேலையாக இருக்கவில்லை. நில வழக்குகளில் நான் அடிக்கடி காணும் காட்சி இது. இந்த மண் எங்களுடையது என்று முதிய தாய் ஒருவர் எல்லை மரத்தையும் கிணற்றையும் காட்டிச் சாட்சி சொல்வார். பட்டா எங்கே என்பதே அவருக்குக் கிடைக்கும் முதல் கேள்வி. பட்டாவை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை எவரும் கேட்பதில்லை. வாய்மொழிச் சாட்சியத்தை ஆய்ந்து, ஒப்பிட்டு, எடைபோட வேண்டும், உண்மைதான். ஆய்வதற்கு முன்பே தூக்கி எறிவது ஆய்வாகாது.

மெண்டியைப் பொறுத்தவரை, மக்கள் நினைவு பழம்பெருமையோடு நின்றுவிடவில்லை. ஹோசா மொழியின் பெருங்கவிஞர் மகாயி அந்த இழப்பைப் பாடினார். பிப்ரவரி 21ஐ ஆப்பிரிக்க மக்கள் மெண்டி நாளாக நினைவுகூர்ந்தனர். 1930களில், மாண்டோர் பெயரில் கறுப்பின மாணவர்களின் கல்விக்காக நிதி திரட்டப்பட்டது. சிலை எழுப்ப வழியற்றவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து நினைவுச்சின்னம் எழுப்பினர். பேனாவை நம்பிய கவிஞருக்கு அதனினும் பொருத்தமான கல்லறை இருக்க முடியாது.

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் அரசும் மக்களின் வழிக்கு வந்தது. 1995இல் சொவெட்டோவின் அவலான் இடுகாட்டில் மெண்டி நினைவுச்சின்னத்தை நெல்சன் மண்டேலாவும் எலிசபெத் அரசியும் திறந்து வைத்தனர். வீரத்திற்கான தென்னாப்பிரிக்காவின் உயர் விருதொன்று மெண்டியின் பெயரைத் தாங்குகிறது. கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு மெண்டி என்றும், இன்னொன்றுக்கு ஐசக் டியோபா என்றும் பெயரிடப்பட்டது. ஆயுதம் ஏந்தத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவரின் பெயரை ஒரு போர்க்கப்பல் தாங்கியது. பிப்ரவரி 21 இன்று அந்நாட்டின் ஆயுதப் படைகள் நாள். மெண்டியின் மணி 2018இல் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பியது.

மாண்டோரில் மிகச் சிலரின் உடல்களே கரை ஒதுங்கின. இங்கிலாந்து, பிரான்சு, நெதர்லாந்து நாட்டு இடுகாடுகளில் அவை கிடக்கின்றன. மற்றவர்களுக்குக் கடலே கல்லறை. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் உள்ள ஹோலிபுரூக் நினைவுச்சின்னம் அவர்களின் பெயர்களைத் தாங்குகிறது.

ஐசக் வாக்கோப் டியோபா போர்க்களத்தை எட்டவே இல்லை. ஒரு குண்டும் சுடவில்லை. எந்த எதிரியையும் வீழ்த்தவில்லை. அவர் நம்பிய பேரரசு அவரை ஏமாற்றியது. அவர் பணியாற்றிய சட்டம் அவரைச் சிறையிட்டது. அவருக்கு எஞ்சியிருந்தவை அவருடைய விசுவாசமும், அருகில் நின்ற மனிதர்களும், ஒரு குரலும் மட்டுமே. அவற்றைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லும் பொறுப்பை அரசு ஏற்கவில்லை, மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

நம் ஊர்களிலும் இத்தகைய பெயர்கள் உண்டு. கல்வெட்டில் ஏறாத, காவல் நிலையப் பதிவேட்டில் குற்றவாளியாக மட்டுமே ஏறிய பெயர்கள். அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருக்கின்றனர். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நாள், இடம், சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். பேனாவை எடுக்கச் சொன்ன அந்தக் கவிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியும் அதுவே. நாளை ஒரு நீதிமன்றம் சான்று எங்கே என்று கேட்கும்போது, நம் கையில் இருக்கப்போவதும் அதுவே.